கியாக்தானுக்குப் போன காலிச் சாக்குகள்

ஜமால்,

உன் கல்யாண அழைப்பிதழ் இன்னும் அச்சாகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, "அடிச்சாச்சா வாப்பா?" என்று கேட்கிறாய். நானும் கரண்ட் இல்லை, பிரஸ்காரர் இழுத்தடிக்கிறார் என்று பழியை அவர் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் கிடையாது. பசுந்தாங்கில் இருக்கும் அவருடைய அச்சகத்துக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவன் நான்தான். கடைசித் தடவை அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க பாய், பொண்ணு பேரு சொல்லிட்டீங்க, தேதி சொல்லிட்டீங்க, எத்தனை சகன் பிரியாணின்னுகூடச் சொல்லிட்டீங்க. மாப்பிள்ளைக்கு வாப்பா பேருன்னு ஒரே ஒரு வரி. அதுல நின்னு யோசிக்கிற முதல் ஆளு நீங்கதான்." நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். எழுதிக்கொண்டு போன தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

நான் ஏன் யோசித்தேன் என்பதில் பாதி உனக்கே தெரியும். உன் அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் என்ற இடத்தில் தூரா என்றும், தகப்பன் என்ற இடத்தில் ஊ மியா டின் என்றும் இருக்கிறது. வீட்டில் ஜமால், பள்ளிக்கூடத்தில் தூரா. வீட்டில் என் மகன், காகிதத்தில் நீ ஊலே என்று கூப்பிட்ட பக்கத்துக் கடைக்காரரின் மகன். பத்து வயதிலிருந்து இப்படியே பழகிவிட்டதால் நீ இதைப் பெரிதாக நினைத்ததில்லை. மீதிப் பாதி உனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். உன் உம்மா எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, "நீங்க எழுதலேன்னா நானே போன்ல சொல்லிடுவேன், பாத்துக்குங்க" என்று மிரட்டுகிறாள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். பர்மியத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடுவாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும்.

பாலம் தாண்டி தாகேதாவுக்குள் நுழைந்தால் இடது கைப்பக்கம் நம் வரிசை. முதலில் சீனரின் நூடுல்ஸ் கடை, அடுத்து தெலுங்குக்காரர் சலூன், ரக்கைன் அம்மாளின் கருவாட்டுக் கடை, பிறகு நம் மாவு மில். மில்லை ஒட்டினாற்போல் ஊலே சைக்கா ரிக்ஷாக்களுக்கு ரிப்பேர் பார்த்த கடை. அதற்கு முன்னால் தகரக் கூரை போட்டு அவர் மனைவி டோடோ மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டு விற்ற மொய்ங்காக் கடை. அந்த வரிசையில் அந்த மண்ணிலேயே பிறந்தவர் என்று ஒருவரும் இல்லை. சீனரின் தகப்பனார் கப்பலில் வந்தார். என் வாப்பாவும் கப்பல்தான், வேறு கரையிலிருந்து. ஊலேகூட ஐராவதி முகத்துவாரப் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்கியவர். ஆனால் எல்லார் வீட்டுச் சாப்பாடும் நம் மில் கல்லைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போனது. காலையில் அரிசி, அப்புறம் சீனர் வீட்டுப் பசையரிசி, கடலைப்பருப்பு. மிளகாய் மதியத்துக்கு மேல்தான். மிளகாய் ஓடிய கல்லில் ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டித் துடைத்த பிறகுதான் மறுநாள் அரிசி விழும். அந்த மறுநாளின் முதல் அரிசி எப்போதும் டோடோ வறுத்துக் கொண்டுவரும் மொய்ங்கா அரிசி. அவர் கையால்தான் எனக்குப் போணி. என் வாழ்நாளில் மூட நம்பிக்கை என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எண்பத்தெட்டுப் போராட்டத்தின்போது உனக்கு ஐந்து வயது. வாரக்கணக்கில் கடைகள் அடைத்துக் கிடந்தன, பாலத்தில் பஸ் இல்லை. அப்போது நம் வரிசைக்கே ஒரே அடுப்புதான் எரிந்தது, அது டோடோவின் அடுப்பு. நான் அரிசியும் பருப்பும் கொடுத்தேன், ரக்கைன் அம்மாள் கருவாடு கொடுத்தார், சீனர் எங்கிருந்தோ எண்ணெய் கொண்டுவந்தார். ஒரு பானைச் சாப்பாட்டை ஆறு வீட்டுப் பிள்ளைகள் தின்றீர்கள். நமக்கு ஆகாதது எதுவும் அந்தப் பானையில் விழாமல் டோடோவே காவல் இருந்தார். சீனர் பன்றி நெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "அதை உங்க வீட்டிலேயே வையுங்க, பாய் வீட்டுப் பிள்ளை சாப்பிடுது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் என் காதால் கேட்டேன். பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேரின் மடியில் நீ அப்போது ஏறி உட்கார்ந்தவன்தான், அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

உனக்குப் பத்து வயதாகி அட்டை எடுக்க வேண்டிய நேரம் வந்தது. கப்பலில் வந்தவரின் பிள்ளையான என் அட்டையின் நிறம் வேறு, ஊலேயின் அட்டையின் நிறம் வேறு. என் நிறத்தை வைத்துக்கொண்டு நீ நினைக்கிற படிப்புக்குப் போக முடியாது என்று பள்ளிவாசலிலும் சொன்னார்கள், சலூனிலும் சொன்னார்கள். ஒரு நாள் மதியம் நான் மோட்டாரை நிறுத்திவிட்டு ஊலேயைக் கூப்பிட்டேன். மில்லுக்காரன் பகலில் மோட்டாரை நிறுத்தமாட்டான், கத்தித்தான் பேசுவான். அவர் கிரீஸ் கையைக் கந்தையில் துடைத்துக்கொண்டே வந்து, "மோட்டாரை நிறுத்திட்டீங்களே பாய், அப்போ பெரிய விஷயம்தான்" என்றார். அவர் பேசியது பர்மியத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் குடும்பப் பட்டியலில் உன்னை அவர் மகனாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். "டோ சேனைக் கேட்டுட்டு வரேன்" என்று டோடோவிடம் போனவர் அரைப்படி மிளகாய் அரைபடும் நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். "இதைக் கேக்கவா கடையை விட்டுட்டு வந்தேன்னு என்னையத் திட்டுறா" என்று சிரித்தார்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். இதுதான் உனக்குத் தெரியாத முதல் விஷயம். "ஒண்ணே ஒண்ணு, பாய். எங்களுக்குன்னு யாரும் இல்லை. நான் போறப்போ பிக்குகளுக்கு முன்னால உட்கார்ந்து தண்ணி வார்க்க ஒரு பிள்ளை வேணும். உங்க மார்க்கத்துல இருக்கிறவனை நான் இழுக்க மாட்டேன். மந்திரமெல்லாம் அவங்க சொல்லுவாங்க. அவன் ஒரு சொம்புத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா கிண்ணத்துல விட்டா போதும்." நீ எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருப்பாய். செய்த புண்ணியத்தில் போனவருக்குப் பங்கு கொடுக்கிற சடங்கு அது, வீட்டுப் பிள்ளைதான் சொம்பைப் பிடிப்பான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் சாகும்வரை ஒரு தரம்கூட அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. பட்டியலில் உன் பெயரை எப்படி ஏற்றினோம் என்பதை எழுதமாட்டேன். ஏற்றினோம்.

கேட்டு வாங்கிய நானே பிறகு அதைப் பொறுக்க முடியாமல் தவித்தேன். நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தாயே, அந்தப் பரிசளிப்பு விழா உனக்கு ஞாபகம் இருக்கும். மைக்கில் "மாங் தூரா, தகப்பனார் ஊ மியா டின்" என்று கூப்பிட்டதும், சலவை செய்த சட்டையும் புது லுங்கியுமாக ஊலே எழுந்து நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பள்ளிக்கூட வாசலில், சைக்காக்கள் நிற்கிற இடத்தில், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழா முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்து அந்தப் பரிசுப் புத்தகத்தை என் கையில் திணித்து, "பிடிங்க பாய், எனக்கு அங்க உட்காரவே கூச்சமா இருந்துச்சு" என்றார். அவ்வளவு நல்ல மனிதர். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பொறாமை, ஜமால். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. பல வருஷம் அதற்கு மார்க்கம் என்று பெயர் வைத்து என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஊலே படுத்துவிட்டபோது நீ காலேஜில் மூன்றாம் வருஷம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாய். தினமும் போய் அவர் காலைப் பிடித்துவிட்டாய். மழைக்காலம். ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம், "நாளையைத் தாண்டுறதே கஷ்டம்" என்றார். நான்தான் அந்த வார்த்தையைக் கேட்டேன். நீ அப்போது உள்ளே அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ பிக்குகள் முன்னால் மண்டியிட்டுச் சொம்பைப் பிடிப்பதும், வரிசையே பார்ப்பதும், பள்ளிவாசலில் மறுநாள் என்ன பேசுவார்கள் என்பதும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன. அதற்கும் அடியில், எல்லார் முன்னாலும் நீ அவர் மகனாக உட்காரப்போகிறாய் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நாலு காலிச் சாக்கைச் சுருட்டி உன்னிடம் கொடுத்து, கியாக்தானுக்குப் போய்ப் புது அரிசி பார்த்து எடுத்து வரச் சொன்னேன். ரெண்டு நாள் தங்கி நிதானமாகப் பார் என்றேன். நீ வாசலில் நின்று, "ஊலேக்கு ரொம்ப முடியலையே வாப்பா, அடுத்த வாரம் போகட்டுமா?" என்று கேட்டாய். "அவருக்கு ஒண்ணுமில்லை, தேறிடுவார், நீ போயிட்டு வா" என்று சொன்னேன். இதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டாவது விஷயம். எனக்குத் தெரிந்துதான் உன்னை அனுப்பினேன்.

அன்று மத்தியானமே அவர் போய்விட்டார். டோடோ அழுத முகத்தோடு மில்லுக்கு வந்து, "பையனுக்கு ஆள் அனுப்புங்க பாய்" என்றார். கியாக்தான் என்ன தூரம்? ஆள் போயிருந்தால் சாயங்காலத்துக்குள் நீ வந்திருப்பாய். நான் சொன்னேன்: "அவன் காலேஜுக்குப் போயிட்டான், பரீட்சை. நடுவில விடமாட்டாங்க." அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்று திரும்பிப் போனார். மூன்றாம் நாள் அடக்கம். பாயில் உட்கார்ந்திருந்தேன், முன் வரிசையில்தான். பிக்கு ஓத ஆரம்பித்ததும் டோடோ சொம்பை எடுத்துக்கொண்டு ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கிண்ணம் என் கைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. நானாவது அதை நகர்த்திப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவரே வார்த்தார். பாதித் தண்ணீர் கிண்ணத்துக்கு வெளியே பாயில் விழுந்தது.

நீ அன்று சாயங்காலம் நாலு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினாய். கையில் ஓலையில் சுற்றிய ஒரு பொட்டலம், ஊலே டீயோடு கடித்துத் தின்கிற பனங்கருப்பட்டி. "திடீர்னு ஆயிடுச்சு, உனக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கலை" என்றேன். நீ அதை நம்பினாய். நம்பிவிட்டு, உன்னையே நொந்துகொண்டாய். அடுத்த வாரம் போகிறேன் என்று இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று உம்மாவிடம் அழுதாய். அந்த அழுகையைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். தலைவலி என்று உன்னிடம் சொன்னாள். சிங்கப்பூர் போகும்போது டோடோவிடம் சொல்லிக்கொள்ள நீ கடை வாசல் வரைக்கும் போய்விட்டு, முகம் கொடுக்க முடியாமல் திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும். அங்கேயிருந்து எல்லோருக்கும் கடிதம் போடுகிறாய், பணிவாக விசாரிக்கிறாய், அவரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. என் தப்பை நீ சுமந்துகொண்டு திரிகிறாய்.

சரி, டோடோ என்ன செய்தார் என்று கேள். அடக்கம் முடிந்த எட்டாம் நாள் விடியலில், வழக்கம்போல வறுத்த அரிசிக் கூடையோடு மில் வாசலில் வந்து நின்றார். "போணி பண்ணுங்க பாய்" என்றார். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. சீனர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார், அங்கே இப்போது செல்போன் கடை. சலூன் இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் வந்துவிட்டது. டோடோவின் தகரக் கூரையும் பாதியாகக் குறைந்துவிட்டது. கூடை மட்டும் வருகிறது. நான் தினமும் அந்த முகத்தைப் பார்க்காமல் அரிசியை மட்டும் பார்த்து வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பிரஸ்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டாரே, அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவன் மில்லுக்குப் போகாமல் நேரே டோடோ வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்குள், "டோ சேன், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்துவிட்டேன். மில் பழக்கத்தில் கத்திவிட்டேன் போலிருக்கிறது. "மெதுவாப் பேசுங்க பாய், நான் செவிடு இல்லை" என்றார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, "எனக்குத் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பஸ் நிக்கிறது என் கடைக்கு நேர் எதிர்ல. பையன் காலையில கக்கத்துல காலிச் சாக்கை வச்சுக்கிட்டு நின்னான். நான்தான் கூப்பிட்டு ஒரு கிண்ணம் மொய்ங்கா குடுத்தேன். ஊலேக்குக் கருப்பட்டி வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனான். பரீட்சைக்கு யாராவது சாக்கு எடுத்துட்டுப் போவாங்களா, பாய்?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கலை? அவன் வந்தப்பவாவது அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? அவனுக்கு ஒரு அப்பா அப்பத்தான் போயிருந்தார். இன்னொருத்தரையும் நான் எடுத்துடணுமா?"

நான் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன், ஜமால். இந்த வயதில், அந்தப் பெண்மணி முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த குடும்பப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பெயர். முதல் பெயர் மேல் கோடு போட்டிருக்கிறது. இரண்டாவது அவர் பெயர். மூன்றாவது நீ. வார்டு ஆபீஸிலிருந்து சரிபார்க்க வரும்போதெல்லாம், "பையன் எங்கே?" என்று கேட்பார்களாம். "வெளியூர் போயிருக்கான், வந்துடுவான்" என்று சொல்லி அனுப்புவாராம். ஆறு வருஷமாக இதே பதில்.

அழைப்பிதழை நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்த வரியில் ஊ மியா டின், டோ சேன் என்று முதலில் வரும், அதற்குக் கீழே நானும் உன் உம்மாவும். பள்ளிவாசலில் யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. மேலே கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன், அது எனக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ள விஷயம். உன்னைத் தொடாது. எனக்காக நீ எதையும் மன்னிக்க வேண்டாம். இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, உம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல், கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அதை வேறொருவர் உன்னைப் போலவே நேசிக்கிறார் என்று தெரிகிற நாளில் உன் மனசு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள். என் மனசு என்ன செய்தது என்று இதோ சொல்லிவிட்டேன்.

ஊலேயின் வருஷ நாள் உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வருகிறது. பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுத்துத் தண்ணீர் வார்க்கப் போகிறார் டோடோ. வருஷா வருஷம் தனியாகத்தான் செய்கிறார். நீ வருவாயா என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். நான்தான் கேட்கிறேன். வர முடிந்தால் விமானத்தை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேரே அங்கே போ. நான் உனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பேன். நீ சொம்பைச் சாய், கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

வாப்பா